ஃபிளாஸ்க் அக்காவின் அண்ணன் மகள்

நகராட்சிக் கட்டடத்தில் அவளுக்கு ஃபிளாஸ்க் அக்கா என்று பெயர். தலைவர் முதல் வாசல் காவலாளி வரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கூட்ட மண்டபத்தைப் பெருக்குவது, நாற்காலிகளை நேராக்குவது, மைக்கில் படிந்த எச்சில் கறையைத் துடைப்பது, பெரிய பெரிய ஃபிளாஸ்க்குகளில் டீ போட்டு மாடிக்குத் தூக்கி வருவது, இதெல்லாம் அவள் வேலை. உறுப்பினர்கள் வருவார்கள், போவார்கள், தோற்பார்கள், கட்சி மாறுவார்கள். டீ மட்டும் மாறாது. இத்தனை வருடத்தில் அங்கே அவளிடம் கேட்கப்பட்ட கேள்விகள் மொத்தமே இரண்டுதான். சர்க்கரை போட்டாச்சா, சூடாக இருக்கிறதா. எங்கே இருக்கிறாய், வீட்டில் யார் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. அதில் அவளுக்குக் குறையும் இல்லை. யாராவது கேள்வி கேட்டாலே அவளுக்குப் பயம்.

பயந்த பிறவி. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். போன் அடித்தால் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது. அடிக்காவிட்டால், சொல்லக்கூட ஆளில்லாமல் என்னவோ ஆகிவிட்டது. அவள் வீட்டுக்காரர் ரோடு ரோலர் ஓட்டுகிறவர். "உன் பயத்துக்கு என் வண்டிதான் சரி. எது வந்தாலும் மெதுவாத்தான் வரும்" என்பார். நிதானமான மனிதர். ரோலரில் உட்கார்ந்து உட்கார்ந்து நிதானம் வந்ததா, நிதானத்தைப் பார்த்துத்தான் ரோலரைக் கொடுத்தார்களா, யாருக்குத் தெரியும்.

அவர்களுக்கு ஒரே மகள். இரண்டாம் வகுப்பு. அந்தப் பிள்ளைக்குப் பேச்சில் ஒரு தடை உண்டு. முதல் சொல் கொஞ்ச நேரம் வாயிலேயே மாட்டிக்கொள்ளும். பொறுத்திருந்தால் அவிழும், அவிழ்ந்துவிட்டால் அப்புறம் நிறுத்த முடியாது. அதனால் வீட்டில் வாயாடி என்றே கூப்பிட்டார்கள். பழைய பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வாய்த்த டீச்சர் அப்படிப் பொறுத்திருக்கத் தெரிந்தவர். முதல் சொல் வரும்வரை கண்ணை எடுக்காமல் புன்சிரிப்போடு உட்கார்ந்திருப்பாராம். வகுப்பே உட்கார்ந்திருக்குமாம். இதை மகள் சொல்லி அம்மா ஆயிரம் தடவை கேட்டிருப்பாள்.

அந்தப் பள்ளிக்கூடம் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம். இவர்கள் வீடு இந்தப் பக்கம். அதுவரைக்கும் அதை யாரும் ஒரு விஷயமாக நினைத்ததில்லை. சாலை என்று இருந்தால் இரண்டு பக்கம் இருக்கத்தானே செய்யும்?

நகர்மன்றக் கூட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. மூன்றாவது தீர்மானத்தை வாசிக்கும்போது டீ. யார் ஆரம்பித்தார்களோ, சட்டம் மாதிரி நிலைத்துவிட்டது. முதல் தீர்மானம் எப்போதும் வீடுகட்ட அனுமதி, இரண்டாவது சாலை, மூன்றாவது பள்ளிக்கூடம். வீட்டுக்கும் சாலைக்கும் எல்லாரும் தொண்டை கிழியக் கத்துவார்கள். மூன்றாவது வரும்போது பசி வந்திருக்கும், டீயும் வந்திருக்கும். பள்ளிக்கூடம் பாவம், கப் சத்தத்திலும் பிஸ்கட் பொட்டலம் கிழிகிற சத்தத்திலும் நிறைவேறிவிடும்.

அன்றைக்கும் அப்படித்தான். பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளை இருந்த மேட்டில் அடுக்குமாடி வீடுகள் கட்ட அனுமதி கொடுத்தார்கள். அத்தனை சனம் வந்தால் வண்டி ஓட இடம் வேண்டுமே என்று பெரிய சாலையை இரு மடங்கு அகலமாக்க ஒப்புதல் கொடுத்தார்கள். அப்புறம் டீ. மூலையில் இருந்த உறுப்பினர் "பாதி போதும்மா" என்றார். பாதி ஊற்றிக்கொண்டிருக்கும்போது யாரோ வாசித்தது காதில் விழுந்தது. புதுப் பள்ளிக்கூடம் கட்டும்வரை தற்காலிகமாக, சாலைக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தகரக் கொட்டகையில் படிப்பார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழைய பள்ளி. சரி, சரி என்று எல்லாரும் வாயில் பிஸ்கட்டோடு தலையாட்டினார்கள். கீழே வந்து கப்புகளைக் கழுவும்போதுதான் தன் மகளைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள் என்று அவளுக்கு உறைத்தது. குழாயை மூட மறந்து அப்படியே நின்றாள்.

தற்காலிகம் என்று சொன்ன எதுவும் இதுவரை சீக்கிரம் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. கொட்டகை என்றால் அசல் கொட்டகை. நான்கு பக்கமும் தகரம், மேலே தகரம், ஒரே அறையில் மூன்று வகுப்பு. வெளியே நாள் முழுக்க ஜல்லி லாரி. வாத்தியார் கத்தினால்தான் பாடம், பிள்ளைகள் கத்தினால்தான் பதில். முதல் சொல் மாட்டிக்கொள்கிற பிள்ளைக்காக அங்கே யார் காத்திருப்பார்கள்? ஒரு நாள் சிரித்தார்கள். மறுநாள் சொல்லிக் காட்டிச் சிரித்தார்கள். வாயாடி வாயை மூடிக்கொண்டாள்.

பள்ளியில் மட்டும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். வீட்டிலும் மூடினாள். பசித்தால் தட்டை எடுத்து வைத்தாள். வலித்தால் அழுதாள். பேச்சே இல்லை. மழைக்காலம் போய் வெயில் காலம் வந்தது, பிள்ளை அம்மா என்றுகூடக் கூப்பிடவில்லை. அவள் தூங்கும்போது ஃபிளாஸ்க் அக்கா உதட்டுக்குக் கிட்டே காதை வைத்துக் கேட்பாள், கனவிலாவது எதையாவது உளறுகிறாளா என்று. பயந்தவளுக்கு அதுவரை இருந்ததெல்லாம் வெறும் கற்பனைப் பயம். இதுதான் நிஜம் என்று அப்போது தெரிந்துகொண்டாள்.

அவள் அண்ணன் சாலைக்கு அந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டித் தெருவில் இருந்தான். டயர் கடை வைத்திருந்தான். பிள்ளை குட்டி கிடையாது. தங்கச்சியின் மகளைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கையைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "தங்கச்சி, இத என்கிட்ட விடு. என் பொண்ணுன்னு சொல்லி நான் சேக்குறேன்."

"பொய் சொல்லியா?"

"வேற எப்படிச் சொல்றது? ரோட்டை நகத்தவா முடியும்?"

பள்ளியில் என்ன சொன்னான், காகிதத்துக்கு என்ன பண்ணினான், இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளை பழைய டீச்சரிடம் திரும்பிப் போனாள். போன மூன்றாம் வாரம் ஒரு சாயங்காலம், சாலையைத் தாண்டி அப்பா தோளில் உட்கார்ந்து வந்தவள், "ம... ம... மழை வரப்போகுதும்மா, துணிய எடு" என்றாள். ஃபிளாஸ்க் அக்கா துணியை எடுக்கவில்லை. அத்தனையும் நனைந்தது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

அவ்வளவுதான் அவள் உலகத்தில் காப்பாற்ற வேண்டியது. அந்தப் பள்ளியில் ஓர் இடம். அது இருந்தால் பிள்ளைக்குப் பேச்சு உண்டு. போனால் பேச்சும் போய்விடும்.

அடுக்குமாடியில் ஆட்கள் குடிவந்தார்கள். அந்தப் பிள்ளைகளைச் சேர்க்கப் பழைய பள்ளியில் இடமில்லை. பெற்றவர்கள் திரண்டு வந்து நகராட்சி வாசலில் நின்றார்கள். அடுத்த கூட்டத்தில் மூன்றாவது தீர்மானம், டீயோடு: சாலைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு பொய்யாக விலாசம் கொடுத்துச் சேர்ந்த பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கண்டுபிடிப்பது. கண்டுபிடித்தால் பிள்ளை அன்றே வெளியே. விலாசம் கொடுத்தவர் மேல் வழக்கு.

ஃபிளாஸ்க் அக்கா ஒவ்வொரு சொல்லையும் கேட்டாள். கை மட்டும் பழக்கத்தில் டீ ஊற்றிக்கொண்டே இருந்தது. கீழே கலக்கும்போதே இதைப் பற்றிப் பேச்சு அடிபட்டதில் சர்க்கரை இரண்டு தடவை விழுந்திருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. இன்றைக்கு டீ பிரமாதம் என்றார் தலைவர்.

வீடு வீடாகப் போகும் வேலை கல்விப் பிரிவு எழுத்தருக்கு வந்தது. அவருக்குக் கட்டடத்தில் கப் சார் என்று பெயர். வீட்டிலிருந்து சொந்தக் கப் கொண்டுவருவார். குடித்து முடித்து அவரே கழுவி வைப்பார். அவளிடம் முகம் பார்த்து "நன்றிக்கா" என்று சொல்கிற ஒரே ஆள். கெட்டவனாக இருந்தால் அவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. கெட்டவன் கோட்டை விடுவான். இவர் செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்கிறவர்.

ஒரு மத்தியானம் அவள் டீ ஊற்றும்போது பக்கத்து மேசைக்காரரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "காகிதம்லாம் சரியாத்தான் வச்சிருப்பாங்க. நான் அதைப் பாக்கறதே இல்ல. பிள்ளைகிட்ட, குடிக்கத் தண்ணி கொண்டு வாம்மான்னு கேப்பேன். அந்த வீட்டுப் பிள்ளைன்னா டம்ளர் எங்கன்னு தெரியும். இல்லன்னா திருதிருன்னு முழிக்கும். அதோட முடிஞ்சுது."

அவள் அதை அப்படியே பொட்டலம் கட்டி அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஒத்திகை ஆரம்பமானது. அடுக்களை அலமாரியில் டம்ளர், இடது கைப் பக்கம் பானை. விளக்கு சுவிட்சு கதவுக்குப் பின்னால். செருப்பு வாசலில், பிரஷ் ஜன்னலில், பாவாடை கொடியில். மாமாவை அப்பா என்று கூப்பிட வேண்டும். அத்தையை அம்மா என்று கூப்பிட வேண்டும். "எங்க, ஒரு தடவை கூப்பிடு பாக்கலாம்" என்றான் அண்ணன்.

"அ... அம்மா" என்றாள் வாயாடி, அண்ணியைப் பார்த்து.

இரண்டு பெண்களும் "என்னம்மா?" என்றார்கள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து பிள்ளை அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. எந்தக் காலையில் கப் சார் வந்து நிற்பாரோ. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் மட்டும் அப்பா தோளில் ஏறி இந்தப் பக்கம் வருவாள், திங்கள் விடியும் முன் திரும்பிப் போவாள். மற்ற நாட்களில் ஃபிளாஸ்க் அக்கா அந்தத் தெருவில் தலைகாட்டக் கூடாது. நகராட்சிக்காரர்கள் கண்ணில் பட்டால் வம்பு. அண்ணி போனில் கூப்பிட்டுச் சொல்வாள்: "நல்லாச் சாப்பிட்டா. ராத்திரி என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்குறா. விடவே மாட்டேங்குறா." அண்ணி கள்ளங்கபடம் இல்லாதவள். பதினெட்டு வருடம் வெறும் மடியோடு இருந்தவள். சந்தோஷத்தில் வாய் தவறிச் சொல்கிறாள். இருந்தாலும் போனை வைத்துவிட்டு ஃபிளாஸ்க் அக்கா நெடுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஏங்க, பிள்ளை நம்மள மறந்துடுவாளோ?"

"போன வாரம் வந்தப்ப என் காதைப் புடிச்சுத் திருகினாளே, அது மறந்த பிள்ளை பண்ற வேலையா?" என்றார் ரோலர்காரர். சொன்னாரே ஒழிய, அன்று இரண்டு வாய்க்கு மேல் அவருக்கும் சோறு இறங்கவில்லை.

இப்படி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. மாடியில் கப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கல்வி அதிகாரி அறைக்குள்ளிருந்து குரல் கேட்டது: "தண்ணித் தொட்டித் தெருவை இன்னைக்கே முடிச்சிடுங்க. ஸ்கூல் விட்டு பிள்ளைங்க வீட்டுக்கு வந்திருக்கும். இப்பவே கிளம்புங்க." சரி சார் என்றார் கப் சார். நாற்காலி நகர்ந்தது.

வெள்ளிக்கிழமை. பிள்ளை இந்நேரம் இந்தப் பக்கம் வந்திருக்கும்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணிக்கு அடித்தாள், போன் அணைந்திருந்தது. அண்ணனுக்கு அடித்தாள், டயர் கடை இரைச்சலில் அவன் எப்போது எடுத்திருக்கிறான்? வீட்டுக்காரர் ரோலர் மேல் இருப்பார், இடியே விழுந்தாலும் கேட்காது. அப்புறம் கால் தானாக ஓட ஆரம்பித்தது. படி இறங்கி, காவலாளியைத் தாண்டி, சந்துக்குள் புகுந்து ஓடினாள். கையில் ஃபிளாஸ்க் இருப்பதே அவளுக்குத் தெரியாது. உள்ளே மிச்ச டீ சலசலத்துக்கொண்டே வந்தது.

வாயாடி வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். "மாமா வீட்டுக்குப் போறோம், எந்திரி" என்றாள் அம்மா.

"இ... இன்னைக்கு வெள்ளிக்கிழமைம்மா."

"அவங்க வராங்க."

பிள்ளை வேறொன்றும் கேட்கவில்லை. பென்சிலைப் போட்டுவிட்டு எழுந்தாள். அவள் அப்படி உடனே எழுந்தது தாய்க்குப் பிடிக்கவில்லை.

பெரிய சாலை வேலை அப்போது முழு மூச்சில் நடந்துகொண்டிருந்தது. தார் போட்ட பகுதியில் ரோலர் போவதும் வருவதுமாக இருந்தது. கடக்கும் இடத்தில் சிவப்புக் கொடிக்காரன் எல்லாரையும் நிறுத்தி வைத்திருந்தான். "விடுப்பா, அவசரம்" என்றாள். "எல்லாருக்கும் அவசரம்தான்க்கா" என்றான் அவன், திரும்பிக்கூடப் பார்க்காமல். அவள் ரோலர் பக்கம் திரும்பினாள். கையை ஆட்டினாள். ஃபிளாஸ்க்கும் சேர்ந்து ஆடியது.

ரோலர்காரர் பார்த்துவிட்டார். மனைவி, மகள், வெள்ளிக்கிழமை, ஓட்டம், எல்லாவற்றையும் ஒரு நொடியில் கூட்டிக்கொண்டார். வண்டியை நிறுத்தி இறங்கினார். மேஸ்திரி தூரத்திலிருந்து கத்தியதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், மகளைத் தூக்கிச் சுடு தாரைக் கனத்த பூட்ஸோடு தாண்டி அந்தப் பக்கம் இறக்கிவிட்டார். மனைவிக்கு ஒரு பலகையைப் போட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனி மெல்லப் போ. ஓடுனா பாக்கறவனுக்கே தெரிஞ்சிடும்" என்றார்.

சொல்லிவிட்டும் அவள் கையை அவர் விடவில்லை. அவள்தான் விடுவித்துக்கொண்டாள்.

அண்ணி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். போன் சார்ஜ் தீர்ந்து அலமாரி மேல் கிடந்தது. "வராங்க அண்ணி" என்று இவள் சொன்னதும் அண்ணி முகம் வெளுத்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். பிள்ளை தானாகவே போய்த் தன் பையை ஆணியில் மாட்டினாள், செருப்பை வாசலில் ஜோடியாக வைத்தாள், பாடப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. இனி ஃபிளாஸ்க் அக்கா கிளம்பிவிட வேண்டியதுதான். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குத் திரும்பினாள்.

வாசலில் கப் சார் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, நீங்களா?" என்றார். பார்வை ஃபிளாஸ்க்குக்கு இறங்கியது. "நகராட்சி டீ இங்க வரைக்கும் வருதா?"

இந்த வீட்டுக்கு எத்தனையோ ஒத்திகை நடந்திருக்கிறது. அவளும் இங்கே இருக்கும்போது என்ன செய்வது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அவள்தான் இங்கே இருக்கவே கூடாதே. அண்ணி சுவரோடு சுவராக நின்றாள். மடச்சி, ஓடி வராமல் ஆபீசிலேயே இருந்திருந்தால், பிள்ளை கடைக்குப் போயிருக்கிறாள் என்று அண்ணி சமாளித்திருப்பாளே என்று அவளுக்குத் தோன்றியது. எல்லாவற்றையும் தானே கெடுத்துவிட்டோம் என்று தோன்றியது.

கப் சார் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பையைத் திறக்கவில்லை. பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். அவர் வாயைத் திறக்குமுன் வாயாடி எழுந்து ஓடினாள். அலமாரி, டம்ளர், இடது கைப் பக்கம் பானை. தளும்பத் தளும்பத் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"நான் தண்ணியே கேக்கலியே, பாப்பா" என்றார் கப் சார்.

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்தது. அவர் டம்ளரையும் பார்த்தார், பிள்ளையையும் பார்த்தார். அப்புறம் மெதுவாகத் திரும்பி ஃபிளாஸ்க் அக்காவைப் பார்த்தார். தண்ணீர் கேட்பேன் என்று அவர் சொன்னது எந்த மேசையில், அப்போது டீ ஊற்றியது யார், எல்லாம் அவர் முகத்தில் ஓடுவதாக அவளுக்குப் பட்டது. முடிந்தது, இன்றே பிள்ளையை வெளியே அனுப்புவார்கள், அண்ணன் மேல் வழக்கு, மறுபடி அந்தத் தகரக் கொட்டகை.

"வீட்டுக்கு யார் வந்தாலும் கேக்காமலே தண்ணி குடுக்கணும்" என்றாள் வாயாடி. "அத்தை சொல்லியிருக்காங்க."

"எந்த அத்தை?"

பிள்ளை கையை நீட்டித் தன் தாயைக் காட்டினாள். "இவங்கதான். எங்க அப்பாவோட தங்கச்சி. உங்க ஆபீஸ்லதான் வேலை பாக்குறாங்க. எப்பவாச்சும் வருவாங்க."

ஓர் எழுத்துகூடத் தடுக்கவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காதது. அப்பா, அம்மா என்று கூப்பிடத்தான் பழக்கியிருந்தார்கள். அந்த இரண்டும் அப்படி மாறினால் பெற்றவள் யாராக மாறுவாள் என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடித்து வைத்திருந்தாள். நீ, வா, போ என்று பேசுகிறவள் 'வாங்க போங்க'வுக்கு மாறிவிட்டாள். பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று ஃபிளாஸ்க் அக்காவுக்குத் தெரியவில்லை. பயம்தான் வந்தது. பிள்ளைக்கு இவ்வளவு சுலபமாக வருகிறதே என்ற பயம்.

கப் சார் தண்ணீரைக் குடித்தார். மிச்சம் வைக்காமல் குடித்தார். "அக்கா, ஆபீஸ்ல டீ குடுக்கறீங்க, அண்ணன் வீட்டுல தண்ணி குடுக்கப் பழக்கியிருக்கீங்க" என்று சிரித்தார். பையைத் திறந்து எதையோ குறித்துக்கொண்டார். "எல்லாம் சரிதாங்க" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு எழுந்தார். "வாங்கக்கா. நானும் ஆபீசுக்குத்தான் போறேன். வண்டில விட்டுடறேன்."

"இல்ல சார், நான் மெதுவா..."

"டீ கலக்க வேணாமா? அஞ்சு மணிக்குத் தலைவர் அறைல ஆளுங்க வராங்களே."

மறுத்தால் சந்தேகம் வரும். அவள் கிளம்பினாள். வெள்ளி, சனி, ஞாயிறு என்று அவளுக்கென்று இருந்த நாட்கள் ஆரம்பித்து இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வாசலில் அண்ணியும் பிள்ளையும் நின்றார்கள். அண்ணியின் கை பிள்ளையின் தோளில் இருந்தது. நடிப்புக்கு வைத்த கைதான்.

"போயிட்டு வாங்க, அத்தை" என்றாள் வாயாடி.

"வரேன் கண்ணு" என்றாள் அவள். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லியிருந்தால் உடைந்திருப்பாள்.

வண்டியின் பின்னால் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கப் சார் ஓட்டிக்கொண்டே பேசினார். "உங்க அண்ணன் பொண்ணுக்கு இனி பிரச்னை இல்ல. அஞ்சாவது முடிக்கிற வரைக்கும் இடம் உறுதி. ஆனா சொல்லாம கொள்ளாம திரும்பவும் பாக்க வருவோம்க்கா. நான் இல்லன்னா வேற ஆள் வருவாங்க. சனி ஞாயிறுகூட வருவாங்க. நெறைய பேர் அங்கதான் மாட்டிக்கறாங்க. லீவு வந்தா பெத்தவங்களுக்கு மனசு கேக்கறதில்ல, கூட்டிட்டுப் போயிடறாங்க. பொண்ணு அந்த வீட்டுலயே இருக்கட்டும். உங்க அண்ணன்கிட்ட சொல்லி வைங்க."

தெரிந்து சொல்கிறாரா, தெரியாமல் சொல்கிறாரா? முதுகைப் பார்த்து எதைக் கண்டுபிடிக்க முடியும்? அஞ்சாவது முடிக்கிற வரைக்கும் என்பதிலேயே அவள் நின்றுவிட்டாள். இன்னும் மூன்று வருடம். மூன்று வருடம் பிள்ளை அண்ணியின் கைக்குள் தூங்கும். அதற்கப்புறம் யார் அம்மா, யார் அத்தை?

பெரிய சாலையில் கொடிக்காரன் மறுபடி நிறுத்தினான். ரோலர் வந்துகொண்டிருந்தது. மேலே இருந்தவர் வண்டியையும், வண்டியில் இருந்த நகராட்சிக்காரரையும், பின்னால் தனியாக உட்கார்ந்திருந்த மனைவியையும் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கண்ணாலேயே கேட்டார். அவள் அவரைத் தெரியாதவள் மாதிரி பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். இவர் யார் என்று கப் சார் கேட்டுவிட்டால் அடுத்த பொய்க்கு அவளிடம் தெம்பில்லை.

"இத்தனை வருஷமா ஒரே கட்டடத்துல இருக்கோம், கேட்டதே இல்லக்கா" என்றார் கப் சார், தலையைப் பாதி திருப்பி. "உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை?"

ஃபிளாஸ்க்கின் மூடியை அவள் இறுக்கிப் பிடித்தாள். வாயில் வரக்கூடாத வார்த்தை அது. பெற்றவள் வாயால் சொன்னால் பலித்துவிடும் என்று அவளுக்குள்ளே ஏதோ அலறியது. இருக்கிறாள் என்று சொன்னால் எங்கே படிக்கிறாள் என்பார். எங்கே என்றால் எல்லாம் போச்சு.

"இல்ல சார்" என்றாள்.

ரோலர் அவர்களுக்கு நேர் எதிரே வந்திருந்தது. "கேக்கலக்கா" என்றார் கப் சார். "என்ன சொன்னீங்க?"

அவள் தொண்டையைத் திறந்து, ரோலர் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி சொன்னாள்.

"எனக்குப் பிள்ளை இல்ல சார்."

ரோலர் நின்றது. கொடிக்காரன் கொடியை இறக்கி, போகலாம் என்று கைகாட்டினான்.